ஊழியம் என்று அடிக்கையில்

நாற்பதுக்குப் பத்து அடி.
அசனப் பண்டிகைக்கு வந்ததில் அதுதான் பெரிய ஆர்டர்.
பெத்தேல்விளைக் கோயில் வாசலில் கட்டுவதற்கு:
ஓய்வு பெறும் ஐயரின் படம், பின்னால் கோபுரம்,
மேலே மஞ்சளில்
“ஊழியத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள்”,
கீழே பொடி எழுத்தில் உபயதாரர்கள்.
ஏழாவது பெயர் என்னுடையது:
எப்சிபாள், ஒரு மூட்டை அரிசி.

முருகன்குறிச்சியில் என் பிளெக்ஸ் கடை.
ஷட்டரைத் தூக்கியதும் ஜெபம்,
அப்புறம்தான் மெயின் சுவிட்ச்.
முப்பிடாதியும் கண்ணை மூடி நிற்பான்.
அவனுக்கு அவன் அம்மன் இருக்கிறாள்,
எனக்காக மூடுகிறான்.
அன்று ஆமென் சொல்லி வாய் மூடுமுன் கேட்டான்:
“அக்கா, ரெண்டு மாசத்து ஓவர்டைம் பாக்கி கெடக்கு.”
“பண்டிகை முடியட்டும்லே” என்றேன்.
போன மாதமும்
ஏதோ ஒரு பண்டிகை முடிய வேண்டியிருந்தது.

ராத்திரி ஒன்றரை மணி.
கொம்பும் சுழியும் மனசுக்குப் பிடித்தபடி வளையும்வரை
நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.
லகர ளகரம் பார்த்து அடிக்கிற கடை என்று
பாளையங்கோட்டையில் பெயர் உண்டு.
அந்தப் பெயரில் சாய்ந்துகொண்டு
கொஞ்சம் தூங்கியிருக்கிறேன் போல.

மறுநாள்
கமிட்டிச் செயலாளர் செல்வின் மாசிலாமணி
போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.
கட்டியாகிவிட்டது. ஊர் பார்த்தாகிவிட்டது.
படம் துபாய்வரை போய்த் திரும்பியாகிவிட்டது.
“ஊதியத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள்.”

ஐயர் சிரித்தாராம்.
கமிட்டி சிரிக்கவில்லை.
“யாரும்மா பார்த்த வேலை? எந்தப் பய?”

சொல்லிவிடுகிறேன்:
என் விரல் முப்பிடாதி பக்கம் திரும்பியது.
முழுதாக நீளவில்லை, பாதிதான்.
பாதி விரலுக்கும் அர்த்தம் ஒன்றுதான்.
அவன் மறுத்துப் பேசவில்லை.
கையிலிருந்த கத்தரியை மேசையில் வைத்தான்,
சத்தம் வராமல்,
இனி எடுக்கப்போவதில்லை என்பதுபோல.

எங்கள் தெருவில் சேவல் கிடையாது.
மிஷின்தான் பீப் அடித்தது, மை தீர்ந்துவிட்டதென்று.
மூன்று தரம்.

“நான் அடிச்சது, அண்ணாச்சி.
நானே வாசிச்சு நானே சரின்னு அனுப்பினது.”
குரல் எனக்கே கேட்கவில்லை.
இன்னொரு தரம் சொன்னேன்.
இரண்டாம் தரம்தான் கஷ்டம்.

அவர் போனபின் கோப்பைத் திறந்தேன்.
ழி இருக்க வேண்டிய இடத்தில் தி.
விசைப்பலகையில் இரண்டும் அடுத்தடுத்து இல்லை,
விரல் வழுக்கிற தூரமில்லை.
காலையில் அவன் கேட்டதை, நான் கேளாததை,
ராத்திரி இந்த விரல்கள்
மஞ்சளில், மூன்றடி உயரத்தில்,
எழுதிவைத்திருக்கின்றன.

புது பிளெக்ஸுக்கு என் காசு.
அது போகக் கல்லாவில் நின்றது
அசனத்துக்கு எழுதிய அரிசிப் பணம்.
எண்ணி முப்பிடாதி கையில் கொடுத்தேன்.
செயலாளருக்குப் போன் போட்டேன்:
இந்த வருஷம் அரிசி இல்லை.
அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பட்டியலில் ஏழாவது வரியை அழித்தேன்.
எட்டாவது பெயர் மேலே ஏறிவந்தது.
அந்த இடத்தில் இடைவெளிகூட மிஞ்சவில்லை
என்பதை இரண்டு முறை பார்த்தேன்.

விடியுமுன் தேரி மணலில் குட்டியானை புதைந்தது.
இறங்கித் தள்ளினோம்,
முழங்கால்வரை செம்மண்.
சவுக்குக் கம்பில் முப்பிடாதி ஏறினான்.
பழையதை அவிழ்த்துச் சுருட்டி,
“இதை எடுத்துக்கிடட்டா? மாட்டுக்கு நிழலாவும்” என்றான்.
கோயிலுக்குப் பின்னால் அதற்குள்
கத்தரிக்காயும் கறியும் கொதிக்கிற வாசம்.

“இடப்பக்கம் கொஞ்சம் ஏத்துலே.”
“அதெல்லாம் நேராத்தான் இருக்கு.
நீங்க வாசிங்க மொதல்ல.”

வாசித்தேன். உரக்க, எழுத்து எழுத்தாக.
எங்கள் பக்கத்து வாய்க்கு ழகரம் லேசில் வராது.
ஊளியம் என்றது முதலில்.
மேலே இருந்தவன் கயிற்றை இறுக்காமல் காத்திருந்தான்.
மறுபடி சொன்னேன்.
நாக்கை உள்ளே மடக்காமல்
அந்த எழுத்து வருவதில்லை.